மூணு சீட்டில் பணம் இழந்தவரைச் சாட்சியாக்குங்கள்

திருவிழா, சந்தை பந்தோபஸ்துக்கு வரும் தமிழ்நாடு காவல்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராட்டினத்துக்குப் பின்னால் துண்டை விரித்து மூணு சீட்டு போடுகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் மீது 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் ஒரு வழக்கு போடுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்தச் சட்டத்தின் முன் சீட்டு போட்டவரும் குற்றவாளி, வாரக்கூலியை அதில் வைத்து இழந்தவரும் குற்றவாளி. அப்புறம் யார் புகார் கொடுக்க வருவார்கள்?

மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ராணி எது என்று கண்டுபிடித்தால் வைத்த பணம் இரண்டு மடங்கு என்பார்கள். ஒரே கையில் இரண்டு சீட்டு, ஒன்றின்மேல் ஒன்று. கீழே இருக்கும் ராணியைத் தூக்கிக் காட்டுவார். போடும்போது ராணி விழுவதுபோல்தான் தெரியும். ஆனால் நழுவி விழுவது மேலே இருந்த சீட்டு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண் ஏமாறும்.

அதைவிடக் கொடுமை முனை மடிப்பு. சீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, பக்கத்தில் நிற்பவர் ராணியின் முனையை லேசாக மடித்துவிட்டுக் கண்ணைக் காட்டுவார். இனித் தோற்கவே முடியாது என்று கையில் இருக்கும் மொத்தத்தையும் வைக்கத் தோன்றும். மடித்தவரும் அவர்கள் ஆள்தான். அடுத்த முறை சீட்டைப் போடும்போதே அந்த மடிப்பு நிமிர்ந்து, வேறொரு சீட்டின் முனை மடிந்திருக்கும். தப்பித்தவறி ஒருவர் சரியான சீட்டைக் காட்டிவிட்டால், கூட்டாளி ஒருவர் வேறு சீட்டில் கூடுதல் பணம் வைப்பார். பெரிய பந்தயம்தான் செல்லும் என்பார்கள். இல்லாவிட்டால் "போலீஸ்!" என்று ஒரு குரல், துண்டோடு எல்லாரும் மறைந்துவிடுவார்கள். மூன்றில் ஒரு வாய்ப்பு என்பதே இங்கே கிடையாது.

இது ஏமாற்று வேலை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடிக்கு உரியது. 112ஆம் பிரிவு, கும்பலாகச் சேர்ந்து செய்யும் ஏமாற்றையும் அனுமதியற்ற சூதாட்டத்தையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. இவற்றைப் பயன்படுத்துங்கள்.

சீட்டு போடுகிறவரை மட்டும் பிடித்தால் மறுநாள் வேறொரு கை சீட்டு போடும். மஃப்டியில் இரண்டு பேர் கொஞ்ச நேரம் நின்று, திரும்பத் திரும்ப ஜெயிப்பது யார், காவலுக்கு நிற்பது யார் என்று பார்த்துவிட்டு மொத்தமாக வளையுங்கள். மைக்கில் நகை பத்திரம் என்று சொல்லும்போதே, முனை மடிப்பைப் பற்றியும் இரண்டு வரி சொல்லச் சொல்லுங்கள். பணம் போனவரை மிரட்டி அனுப்பாமல், உட்காரவைத்து வாக்குமூலம் வாங்குங்கள்.