மதுரை ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜவுளி வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊரில் உங்கள் தொழிலைச் செய்த ஒருவர் சங்கப் புலவராக இருக்கிறார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு நான்கிலும் அவர் பாட்டு உண்டு. தொழிலையும் பெயரோடு சேர்த்தே ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

அறுவை என்றால் துணி. தறியில் நீளமாக நெய்து வருவதை அறுத்தால் அறுவை, துணித்தால் துணி, துண்டித்தால் துண்டு. சொற்கள் வேறு, கருத்து ஒன்று. உங்கள் கடையில் தனி மேசை போட்டு விற்கிறீர்களே கட்பீஸ், அதற்கும் இதே பொருள்தான்.

என் அப்பா முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவர். காடாத் துணியைத் 'தான்' என்கிற முழுச் சுருளிலிருந்து உருட்டி அளப்பார். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று நூல் பிடித்து நேராகக் கிழியும். பின்னாளில் குறுந்தொகையில் 'அறுவை வாணிகன்' என்று பார்த்தபோது அப்பாவின் கைதான் கண்முன் வந்தது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். நூல், மயிர், பட்டு என நெய்த மடிகள் பல நூறு அடுக்காகக் குவிந்த 'அறுவை வீதி' அங்கே வருகிறது. ஊர்காண் காதையில் இருக்கிறது. ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இன்றோ அறுவை என்றால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் சலிப்பூட்டும் பேச்சு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஜவளி என்று வழங்கும் சொல்லே நம் ஊர்ப் பலகைகளில் ஜவுளி. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. வியாபாரத்தோடு வந்த சொல், இருக்கட்டும்.

முகூர்த்தப் பட்டு விற்கிற இடத்தில் அறுக்கிற பேச்சா என்று நீங்கள் தயங்கலாம். நியாயம்தான். ஆனால் அறுவடையும் அதே 'அறு'வில் பிறந்ததுதானே? தை மாசம் அதைச் சொல்ல யாரும் கூசுவதில்லை.

கடைப் பெயரை மாற்றச் சொல்லவில்லை. பொங்கலுக்கு நீங்கள் கொடுக்கும் மஞ்சப்பையின் ஒரு பக்கம் உங்கள் கடைப் பெயர், மறுபக்கம் 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்று அச்சடியுங்கள். அடியில் அவர் பாட்டிலிருந்து இரண்டு வரி போதும்.

அன்புடன்,
ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் மகள்