தண்ணீரை மூடினால் தளத்தில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்குச் சரக்கு வந்து இறங்கி, கிடங்குகள் கூரை வரை நிறையும் காலம் இது. அதனால் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சிங்கப்பூரில் துவாஸ், சுங்கை காடுட் பக்கத்துத் தொழிற்கூடக் கட்டடங்களில் தீயணைப்பு பம்புகளையும் ஸ்பிரிங்க்ளர் எனும் தெளிப்பான்களையும் பராமரிக்கும் வேலை எனக்கு. சொல்ல வந்தது ஒன்றுதான். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு தளத்தின் தெளிப்பான் தண்ணீரை மூடினால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். நான் போகும் இடங்களில் பல நேரம் அவர்களுக்குத் தெரிவதில்லை.

தெளிப்பானைப் பற்றி நம்மிடையே உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்காவது புகை கிளம்பினால் கூரையில் உள்ள எல்லாத் தெளிப்பான்களும் ஒரே நேரத்தில் கொட்டி, மொத்தச் சரக்கையும் நனைத்துவிடும் என்று கிடங்கு வைத்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள். படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் சாதாரணத் தெளிப்பானுக்குப் புகை ஒரு பொருட்டே இல்லை, சூடுதான் கணக்கு. ஒவ்வொரு தெளிப்பானின் வாயையும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் சிவப்பாக இருந்தால் 68 டிகிரி செல்சியசில் குமிழ் வெடிக்கும். மஞ்சள் என்றால் 79, பச்சை என்றால் 93. எந்தக் குமிழ் வெடித்ததோ அந்தத் தெளிப்பான் மட்டும்தான் தண்ணீர் விடும். நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தீயணைப்பாளரின் பெரிய குழாய் அதைப் போலப் பல மடங்கு கொட்டும். தீ சின்னதாக இருக்கும்போதே ஒன்றிரண்டு தெளிப்பான்கள் அதை அடக்கிவிட்டால் நனைகிற சரக்கும் குறைவு. எல்லா வாயும் ஒன்றாகத் திறக்கும் ஏற்பாடும் உண்டுதான். ஆனால் அது எண்ணெய்த் தொட்டி, ரசாயன ஆலை போன்ற இடங்களுக்கானது. அரிசி மூட்டைக்கும் பட்டுப்புடவைப் பெட்டிக்கும் அல்ல.

சரி, இவ்வளவு எளிமையான சாதனம் எப்போது கைவிடுகிறது? அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாக இதைக் கணக்கெடுத்து வருகிறது. தெளிப்பான் வேலை செய்யாமல் போன தீச்சம்பவங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் ஒன்றே: தீப்பிடிப்பதற்கு முன்பே யாரோ தண்ணீரை மூடிவைத்திருந்தார்கள். துருப்பிடித்த குழாயும் பழைய பம்பும் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகின்றன.

இங்கே அது எப்படி நடக்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்தவர் தடுப்புச் சுவரை மாற்றுகிறார். அதற்கேற்பத் தெளிப்பானை இடம் மாற்ற வேண்டும். அந்த வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் கட்டட நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கி, அந்தத் தளத்தின் வால்வை மூடி, குழாயில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார். இதில் தவறு எதுவும் இல்லை, மூடாமல் குழாயில் கை வைக்க முடியாது. ஆனால் ஒரு நாள் வேலை மூன்று நாளாக இழுக்கும். ஒரு இணைப்புக்குச் சாமான் வரவில்லை என்று ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். சீட்டு நிர்வாக அலுவலகத்தில் கோப்பில் இருக்கும். அந்தத் தளத்திலேயே கொஞ்சம் தள்ளி வெல்டிங் செய்துகொண்டிருக்கும் நம் ஊர்ப் பையனுக்குத் தலைக்கு மேல் இருக்கும் குழாய் காலி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலை முடிந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுக்கு மேலே அழுத்தம் அப்படியே சிக்கி நிற்கும். முதன்மை வால்வு மூடியிருந்தாலும் மேல் கேஜின் முள் வழக்கமான இடத்தையே காட்டும். வடிகால் வால்வை முழுதாகத் திறந்து, முள் எவ்வளவு இறங்குகிறது, மூடியதும் எவ்வளவு வேகமாகப் பழைய இடத்துக்கு வருகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். முள் மெதுவாக ஏறினால் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். புதிய கட்டடங்கள் பலவற்றில் வால்வை மூடினால் கட்டுப்பாட்டுப் பலகையில் விளக்கு எரியும். பழைய அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் ஒரு சங்கிலியும் பூட்டும்தான் காவல்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. தீ 22வது மாடியில் தொடங்கியது. மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் செங்குத்துக் குழாய்களில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்ததால் தீயணைப்பாளர்களின் குழாய்களில் போதிய வேகம் வரவில்லை. மூன்று தீயணைப்பாளர்கள் உயிரிழந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ 30வது மாடியில்தான் நின்றது. அங்கே வாடகைக்கு இருந்த நிறுவனம் தெளிப்பான்களைப் பொருத்தியிருந்தது. கீழே நின்ற தீயணைப்பு வண்டிகள் அவற்றுக்குத் தண்ணீர் ஏற்றின. அத்தனை பெரிய தீயை நிறுத்தியவை 10 தெளிப்பான்கள். ஒரே கட்டடத்தில், ஒரே இரவில், வால்வு சரியாக இல்லாத இடத்தில் என்ன நடந்தது, தண்ணீர் வந்த இடத்தில் என்ன நடந்தது என்று இரண்டையும் பார்க்க முடிந்தது. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நம் நாட்டில் 1972 நவம்பர் 21 அன்று ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் கடை எரிந்து 9 பேர் இறந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இன்று 200 பேருக்கு மேல் கூடும் பொதுக் கட்டடங்களும் பெரிய தொழிற்கூடங்களும் ஆண்டுதோறும் ஃபயர் சர்டிபிகேட் எனும் தீப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். நல்ல விதி அது, அதற்காக எங்களை ஓடவைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை எல்லாம் சரியாக இருப்பது வேறு. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வால்வு மூடியிருப்பது வேறு.

ஆகவே நான் கேட்பது இது. தண்ணீரை மூடும் நாளில் அந்தத் தளத்தின் மின்தூக்கி வாசலிலும் ஒவ்வொரு வாடகைதாரர் கதவிலும் ஒரு சிவப்பு அறிவிப்பு ஒட்ட வேண்டும். எந்தப் பகுதி, எப்போதிலிருந்து, எப்போது திறக்கும், யாரை அழைப்பது என்று அதில் இருக்கட்டும். நம் நான்கு மொழிகளோடு வங்காளமும் வேண்டும், இந்தத் தளங்களில் வேலை செய்பவர்களில் பங்ளாதேஷ்காரர்கள் நிறைய. அறிவிப்பு இருக்கும்வரை அங்கே வெல்டிங், கட்டிங் எதுவும் கூடாது. வடிகால் சோதனை முடிந்து அதைச் செய்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிவிப்பைக் கிழிக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால் இது நடக்கும். மக்கள் வீணாகப் பதறுவார்கள் என்று சில நிர்வாகிகள் என்னிடம் சொன்னார்கள். மின்தூக்கி பழுது என்றால் பலகை வைக்கிறோம், யாரும் பதறுவதில்லையே.

கிடங்கு வைத்திருக்கும் நம் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தெளிப்பானுக்கும் சரக்குக்கும் நடுவில் குறைந்தது அரை மீட்டர் இடம் விடுங்கள். அதை ஒட்டிப் பெட்டி அடுக்கினால் தண்ணீர் விரிந்து பரவாது. அந்தக் குழாயில் சட்டை தொங்கவிடுவதையும் அலங்கார விளக்குக் கட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கும் இது பொருந்தும். 2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு புளோக்கில் தீப்பிடித்தபோது, தீயணைக்கும் சுருள் குழாய் இருக்கும் ஹோஸ் ரீல் பெட்டி பூட்டியிருந்ததும் அதில் தண்ணீர் வராததும் செய்தியானது. உங்கள் மாடியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் முன்னால் யாருடைய சைக்கிளும் செருப்பு அலமாரியும் நிற்கின்றன என்று இன்று மாலையே பாருங்கள். அடைத்திருந்தால் உரியவரிடம் பேசுங்கள், பூட்டியிருந்தால் நகர மன்றத்துக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தீயணைப்புச் சாதனப் பராமரிப்பு ஊழியர் ஒருவர்,
ஈசூன்