அப்டேட் கேட்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கைபேசிப் பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் "எந்தக் கருவி அப்டேட் கேட்டாலும் தள்ளிப்போடாமல் உடனே செய்துவிடுங்கள்" என்று அதில் ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் மனைவியும் அதே நினைப்பில்தான் பட்டனை அமுக்கினாள்.

போன கோடையில், இங்கே மொரீஷியஸில் புயலுக்கு மூன்றாம் எச்சரிக்கை கொடுத்திருந்த ஒரு நாள். கடையும் பஸ்ஸும் நின்றுவிட்டன. மகள், மருமகன், பேரன் எல்லோரும் எங்கள் வீட்டில்தான். வெளியே காற்று, உள்ளே ஆளுக்கொரு திரை. மனைவி தன் போனில் ஏதோ பழைய சமையல் தளத்தைத் திறந்தாள். திரையை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தது. பிரெஞ்சில் 'மீஸ் ஆ ஜூர்', அதாவது அப்டேட், என்று சிவப்பு எழுத்து, கீழே நொடி குறைந்துகொண்டே வரும் கடிகாரம். அமுக்கிவிட்டாள். ஒரு கோப்பு இறங்கியது. தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி, அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. நல்ல வேளை, அந்த இடத்தில் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள்.

கால் மணி நேரத்தில் மகளின் லேப்டாப்பிலும் அதே பெட்டி, வேறு சட்டை போட்டுக்கொண்டு. குரோம் பிரவுசர் பழசாகிவிட்டதாம். டிவியின் பிரவுசரில் கார்ட்டூன் தேடப் போன பேரன், "தாத்தா, டிவி ஃபிளாஷ் பிளேயர் கேக்குது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரவுசரில் படமும் விளையாட்டும் ஓட்ட உதவிய ஃபிளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைவிட்டுவிட்டது. அடுத்த ஜனவரி 12 முதல் அதில் எதையும் ஓடவும் விடவில்லை. செத்தவருக்கு மருந்து வாங்கச் சொன்ன கதைதான்.

இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தோம். "போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்" என்றார்கள். செய்தோம். பேரன் முதன்முதலாகக் காவடி எடுத்த படங்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தன. போயின. துடைத்துச் சுத்தமாக்கிய போனை வைஃபையில் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் மீஸ் ஆ ஜூர். கிணற்றில் உப்பு இறங்கிவிட்ட பிறகு குடத்தைத் தேய்த்து என்ன பயன்?

மருமகன்தான் ஒரு காரியம் செய்தார். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே சமையல் தளத்தைத் திறந்தார். பெட்டி வரவில்லை. வைஃபையைப் போட்டார், வந்தது. அப்புறம்தான் எல்லோர் கண்ணும் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருந்த, வீடு முழுக்க வைஃபை கொடுக்கும் ரூட்டர் மேல் போனது.

அதன் உள்பக்கத்துக்குள் நுழையப் பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. உள்ளே டிஎன்எஸ் என்ற இடத்தில் எங்களுக்குத் தெரியாத இரண்டு எண்கள். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அது எந்த எண் முகவரியில் இருக்கிறது என்று சொல்வது டிஎன்எஸ். ஊருக்குப் புதிதாக வந்தவன் முச்சந்தியில் வழி கேட்கிற மாதிரி. அங்கே உட்கார்ந்து வழி சொல்கிறவனே கள்ளன் என்றால், அந்த வழியாகப் போகிற எல்லோரும் அவன் வீட்டுக்குத்தான் போவார்கள். முகவரி 'https' என்று தொடங்கும் வங்கித் தளம் என்றால், தளத்தின் அடையாளச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசரே தடுக்கும். அப்படித் தொடங்காத பழைய தளங்களில் அந்தக் காவல் கிடையாது.

இது புதுத் தந்திரமும் இல்லை. 'டிஎன்எஸ் சேஞ்சர்' கும்பலை அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் முடக்கியபோது, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் அவர்கள் கையில் இருந்தன. கும்பலின் சர்வர்களை அப்படியே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையம் போய்விடும் என்று, மாற்று சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

எங்கள் ரூட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை வைத்து அழுத்தி, பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். அங்கேயும் ஒரு தப்பு. இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். அது தெரியாமல் அழுத்தி, ஒன்றரை நாள் இணையம் இல்லாமல் கிடந்தோம். அப்புறம் கடவுச்சொல்லை மாற்றி, ரூட்டரின் சொந்த அப்டேட்டைப் போட்டு, வெளியிலிருந்து அதற்குள் நுழையும் வசதியையும் அணைத்தோம். பெட்டி அதோடு நின்றது.

எல்லாப் பழியையும் ரூட்டர் மேல் போடவும் கூடாது. ஒரே ஒரு கருவியில் மட்டும் வந்தால், பிரவுசரில் எந்தத் தளத்துக்கோ 'நோட்டிஃபிகேஷன்' அனுமதி கொடுத்திருப்போம், இல்லையென்றால் ஏதாவது செயலி சேர்ந்திருக்கும். ஒரே கூகுள் கணக்கில் இரண்டு கணினியின் குரோமும் இணைந்திருந்தால், ஒன்றில் போட்ட கெட்ட எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிச் செயலி) மற்றதிலும் தானாக ஏறிக்கொள்ளும்.

ஆசிரியரே, அப்டேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்பது கருவியா, நாம் திறந்த பக்கமா என்று பார்க்க வேண்டும். பக்கம் கேட்டால் மூடிவிட்டு, போனின் செட்டிங்ஸுக்கு நாமே போய்ப் பார்க்கலாம். குரோம் என்றால் கணினியில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, உதவிப் பகுதியில் 'குரோம் பற்றி' என்பதைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்த இதழில் அந்த ஒரு வரியை இப்படித் திருத்திப் போட முடியுமா? கூடவே, ஏமாந்தவர்கள் அரசின் இணையக் குற்றப் புகார்த் தளமான மௌகோர்ஸில் புகார் பதியலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து ரூட்டரை மாட்டும் தம்பிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். கிளம்புவதற்கு முன் அந்த 'அட்மின்' கடவுச்சொல்லை எங்கள் முன்னாலேயே மாற்றிக் கொடுத்தால் இரண்டு நிமிடம்தானே ஆகும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்