லாப்ரடார் குட்டி எடுக்கப்போகும் கார்த்திக்கு

அன்புள்ள கார்த்தி,

லாப்ரடார் பெண் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாய், எட்டு வாரம் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறாய் என்று தெரிந்தது. சந்தோஷம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. பெரிய ரக நாய் வளர்ப்பவர்கள் பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பயப்படுவார்கள், உண்ணிக்குப் பயப்படுவார்கள். இடுப்பு மூட்டின் நினைவு வருவது நாய் நொண்ட ஆரம்பித்த பிறகுதான். அந்த நேரத்தில் செய்யக்கூடியது குறைவு, செலவோ அதிகம்.

ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டுக் கோளாறு, என்றால் பிறவி ஊனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கோளாறு வரப்போகும் குட்டிக்கும் பிறக்கும்போது இடுப்பு சரியாகவே இருக்கும். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும், மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைநாரும் உறையும் தளர்ந்துபோனால், ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தலை கொஞ்சம் வெளியே நழுவும். முழுக் கிண்ணமும் தாங்க வேண்டிய எடை, அதன் விளிம்பில் மட்டும் விழும். வளர்கிற எலும்பு மிருதுவானது, அழுத்தம் விழும் இடத்துக்கு ஏற்ப உருமாறிவிடும். விளிம்பு மழுங்கும், கிண்ணம் ஆழமில்லாமல் போகும், உருண்டைத் தலை தட்டையாகும், குருத்தெலும்பு தேயும். ஆகவே நோயின் வேர் இந்தத் தளர்வுதான். மூட்டுத் தேய்மானம் அதன் பின்விளைவு.

தளர்வு வருமா என்பதில் பெரும்பங்கு மரபுக்கு. ஒரு மரபணு அல்ல, பல சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் நல்ல இடுப்புள்ள தாய் தகப்பனுக்கும் கெட்ட இடுப்போடு குட்டி பிறக்கலாம், ஆனால் வாய்ப்பு குறைவு. குட்டி விற்கும் பிரீடரிடம் தாய், தகப்பன் இருவரின் இடுப்பு எக்ஸ்ரேயையும் தரச்சான்றையும் கேள். நாய்களின் மூட்டுக்குத் தரம் போடும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் முடிந்த நாய்க்குத்தான் இறுதித் தரம் கொடுக்கும். ஏழு தரங்களில் முதல் மூன்றும் தேர்ச்சி. ஐரோப்பாவில் உள்ள எஃப்.சி.ஐ. என்ற நாய் வளர்ப்புச் சங்கக் கூட்டமைப்பின் முறையில் ஏ முதல் ஈ வரை, ஏ-யும் பி-யும் போதும். பிரிட்டனில் மதிப்பெண் 0 முதல் 106 வரை, அங்கே எண் குறையக் குறைய நல்லது. பென்ஹிப் என்று இன்னொரு முறை இருக்கிறது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவானது. மயக்கம் கொடுத்து மூட்டை விலக்கி, தளர்வை நேரடியாக அளப்பார்கள். 16 வாரக் குட்டிக்கே செய்யலாம், தளர்வைக் காட்டும் குறியீடு 0.3-க்குக் கீழே இருந்தால் தேய்மானம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பயிற்சி பெற்ற மருத்துவர் கிடைப்பதுதான் சிரமம்.

"கே.சி.ஐ. பேப்பர் இருக்கு சார்" என்று சொல்வார்கள். கே.சி.ஐ. என்பது இந்திய கென்னல் கிளப், அந்தத் தாள் வம்சத்தைச் சொல்லும். அது இருப்பதாலேயே இடுப்பு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. "எங்க நாய் ஒண்ணுகூட நொண்டினதில்லை" என்ற வாக்குமூலமும் செல்லாது. லேசான கோளாறுள்ள நாய் பல வருடம் நொண்டாமலே ஓடும், குட்டியும் போடும். எக்ஸ்ரே இல்லை என்றால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடு. முடிந்தால் பாட்டன் பாட்டியின் தரத்தையும், தாய் தகப்பனோடு ஒரே ஈற்றில் பிறந்தவற்றின் தரத்தையும் கேள். ஒரு நாயின் படத்தைவிட ஒரு குடும்பத்தின் படம் அதிகம் சொல்லும்.

குட்டி வீட்டுக்கு வந்த பிறகு முழுக்க உன் கையில் இருப்பது எடை. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் தகும். பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தது. இரண்டு வயதில், நிறையத் தின்ற 24-இல் 16-க்கு ஹிப் டிஸ்பிளேசியா. குறைத்துத் தின்ற 24-இல் 7-க்குத்தான். குறைத்துத் தின்றவை சராசரியில் ஏறத்தாழ இரண்டு வருடம் அதிகமாகவும் வாழ்ந்தன. ஜோடியில் இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள், ஒரே தீவனம், வித்தியாசம் அளவில் மட்டும்.

அளவை இப்படிக் கணக்கிடு. கிலோவில் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கு. நான்கு மாதம் வரை அதைப் போல மூன்று மடங்கு, பிறகு இரண்டு மடங்கு கிலோ கலோரி. ஐந்து கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு சுமார் 700 வரும். 100 கிராமில் 380 கிலோ கலோரி உள்ள உலர்தீவனம் என்றால் 185 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. ஐந்து மாதத்தில் 15 கிலோ இருந்தால் சுமார் 1070, அதாவது 280 கிராம், மூன்று வேளை. கப்பில் அளக்காதே, சமையலறைத் தராசில் நிறு. பிஸ்கட், பயிற்சித் தின்பண்டம், தயிர்சாதம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேதான். தட்டை நிரப்பி நாள் முழுக்க வைத்திருப்பது கூடவே கூடாது, லேபுக்குப் போதும் என்ற எண்ணமே கிடையாது.

கணக்கு வெறும் ஆரம்பம்தான், பிறகு கையால் தடவிப் பார்த்து அளவைத் திருத்து. உன் கையை விரித்து, புறங்கையில் விரல் கணுக்களைத் தடவிப் பார். விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைப் பக்கம் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் தீவனத்தைப் பத்து சதவீதம் குறை. மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது புள்ளி உடல்நிலை அளவில் (ஒன்று எலும்பும் தோலும், ஒன்பது மிகக் குண்டு) நான்கு அல்லது ஐந்து. வாரம் ஒரு தடவை எடை எழுதி வை. "குட்டி இளைச்சுப் போயிருக்கே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், காதில் வாங்காதே. கொழுகொழு லேப் குட்டி என்பது நம் ஊரில் ஒரு மோகம்.

அடுத்து, கால்சியம் சிரப். "எலும்பு பலமாகும்" என்று கடைக்காரரே கையில் திணிப்பார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பெரிய ரகக் குட்டியின் குடல், தேவைக்கு மேல் வந்த கால்சியத்தைத் தடுக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய், எலும்பும் குருத்தெலும்பும் வளரும் ஒழுங்கைக் கெடுக்கும். பெரிய ரகக் குட்டிகளுக்கான தீவனம் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதை வாங்கு. ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் சிரப், பவுடர், மாத்திரை எதுவும் வேண்டாம். வீட்டில் எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் கதை தலைகீழ். பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் இல்லாமல் எலும்பு மெலிந்து வளையும். அந்த உணவுக்குக் கால்சியம் சேர்த்தே ஆக வேண்டும், ஆனால் கண்ணளவில் அல்ல. ஒரு டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூளிலேயே சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நீ வேலைக்குப் போகிறவன், இந்தக் கணக்கெல்லாம் உனக்கு ஒத்துவராது, பாக்கெட் தீவனத்திலேயே இரு.

உன் ஃபிளாட்டில் தரை முழுக்க வழவழ டைல்ஸ். பின்கால் விரிந்து வழுக்கும் ஒவ்வொரு தடவையும் தளர்ந்த மூட்டு இன்னும் இழுபடும். குட்டி சாப்பிடும் இடம், படுக்கும் இடம், வாசலுக்கு ஓடும் வழி, இந்த மூன்றிலாவது நகராத ரப்பர் விரிப்பு போடு. நகத்தையும் விரலிடுக்கு முடியையும் வெட்டிவிடு. மாடிப்படி மூன்று மாதம் வரை கூடவே கூடாது. நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் குட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், அந்த வயதுக்குள் படி ஏறி இறங்கியவற்றுக்கு ஆபத்து கூடியது. மிருதுவான, சற்றே மேடுபள்ளமான தரையில் சங்கிலியில்லாமல் திரிந்தவற்றுக்குக் குறைந்தது. எனவே அடைத்து வைப்பதும் தீர்வல்ல, இடுப்புத் தசை பலப்பட்டால்தான் அது மூட்டைப் பிடித்துவைக்கும். ஆனால் தடுப்பூசி வரிசை முடியும் முன் தெருநாய் போய்வரும் பூங்காவில் விடாதே, பார்வோ பிடித்தால் இடுப்பைப் பற்றிக் கவலைப்படும் அவசியமே இருக்காது. நாய் வராத, மண்ணும் புல்லும் உள்ள இடமாகத் தேடு. தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழ், இன்னொரு கை புட்டத்துக்குக் கீழ். பந்தை வீசித் திடீரென்று திரும்பவைப்பதும், சைக்கிளோடு ஓடவைப்பதும், காரிலிருந்து குதிக்கவிடுவதும் எலும்பு வளர்ச்சி முடியும்வரை, சுமார் ஒன்றரை வயதுவரை, வேண்டாம். நீச்சல் நல்லது.

கருத்தடைக்கும் அவசரப்படாதே. இனப்பெருக்க ஹார்மோன்தான் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டை மூடச் சொல்லும். பெண் லேபுக்கு ஒரு வயது முடியட்டும்.

நான்காவது மாதத்தை மட்டும் தவறவிடாதே, நாள்காட்டியில் குறித்துக்கொள். 16 வாரத்தில் லேசான மயக்கத்தில் இடுப்பைப் பரிசோதிக்கச் சொல். தொடையை அழுத்தி விரிக்கும்போது நழுவிய தலை கிண்ணத்துக்குள் 'டொக்' என்று விழுந்தால் அது ஆர்டோலானி அறிகுறி, மூட்டு தளர்ந்திருக்கிறது. அந்த வயதில் இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பில் வளர்ச்சியைச் சுட்டு நிறுத்தும் ஒரு சிறிய அறுவை உண்டு, வளர வளரக் கிண்ணம் தானே தலைக்கு மேல் கவிழ்ந்து மூடும். 20 வாரம் தாண்டினால் பலனில்லை. இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிவைக்கும் அறுவைக்குப் பத்து மாதம் வரை நேரமுண்டு, அதுவும் தேய்மானம் தொடங்கியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு தொடைத் தலையை எடுத்துவிடுவது அல்லது செயற்கை மூட்டு வைப்பதுதான்.

ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயதுவரை நடையைக் கவனி. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்துத் தாவித் தாவி ஓடுவது, எழுந்திருக்கத் தயங்குவது, சோபாவில் ஏற மறுப்பது, தொடை வற்றித் தோள் மட்டும் பருப்பது. இவை ஒன்றரை வயதுவாக்கில் தானாகக் குறையலாம். மூட்டின் உறை தடித்து நழுவல் குறைந்திருக்கும், அவ்வளவுதான், குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதே. வலி என்று தெரிந்தால் உன் அலமாரியிலிருக்கும் இபுப்ரோஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ கொடுத்துவிடாதே. நாய்க்கு அவை வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் உண்டாக்கும்.

பிரீடர் எக்ஸ்ரே படம் தந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் எடுத்து எனக்கு அனுப்பாதே, ஃபைலாக வாங்கி அனுப்பு. படத்தில் நாயின் மைக்ரோசிப் எண்ணும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும், இரண்டு தொடை எலும்பும் இணையாக நீட்டியிருக்க வேண்டும், முழங்கால் சில்லு இரண்டும் நடுவில் தெரிய வேண்டும். இடுப்பு கோணலாக விழுந்த படம் ஒரு பக்கத்தை நல்லதாகக் காட்டிவிடும். முழங்கை மூட்டுப் படம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேள்.

அம்மா