மான் வேட்டைக்கு அழைக்கப்பட்ட மகனுக்கு

அந்தியூர்

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பியிருந்த மின்னஞ்சலை நிதானமாகப் படித்தேன். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் உன் அப்பாவின் சர்க்கரை அளவு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்பதால் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். ஒண்டாரியோவில் உன்னோடு வேலை பார்க்கும் நண்பர் வருகிற நவம்பரில் மான் வேட்டைக்கு உன்னையும் அழைத்திருக்கிறார். உனக்குப் போக ஆசை. மருமகளோ அது பாவம் என்கிறாள். "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுக்கிற வீட்டில் வளர்ந்துவிட்டு, மானைச் சுடுவதை மட்டும் பாவம் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?" என்று அவளிடம் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

கறி சாப்பிடுகிறவர்கள் தங்களுக்குக் கொலையில் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. தின்பதற்கு ஆள் இல்லையென்றால் விலைக்கு விற்பதற்கும் ஆள் இருக்கமாட்டான் என்று வள்ளுவர் சொன்னதற்கு இன்றுவரை யாரும் சரியான மறுமொழி சொல்லிவிடவில்லை. நானும் சொல்லப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை விடப்போவதும் இல்லை. ஆனால் ஓர் உயிரைக் கொல்வதற்கு அவசியம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்த உயிர் எப்படிச் செத்தது, அது சாகும்போது கொன்றவன் எங்கே இருந்தான் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதிலும் சமயத்துக்கொரு பதிலும் உண்டு, அவற்றில் எதையும் நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். இரண்டாவது கேள்வியைக் கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்த காலம் முழுவதும் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். அதில் மட்டும் என்னோடு யாராலும் வாதாடி ஜெயிக்க முடியாது.

பர்கூர் மலையடிவாரத்தில் நான் வேலை பார்த்தபோது, அவுட்டுக்காய் கடித்த மாட்டைப் பார்க்க வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். நீ சிறுவனாக இருந்ததால் அதையெல்லாம் வீட்டில் பேசியதில்லை. காட்டுப்பன்றியைக் கொல்வதற்காக வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து காட்டோரத்திலும் வரப்போரத்திலும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடித்தவுடன் அது வாய்க்குள்ளேயே வெடிக்கும். பன்றிக்கு வைத்ததைப் பன்றிதான் கடிக்க வேண்டும் என்று நியதி ஏதும் இல்லை. மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பாத ஒரு பர்கூர் மாட்டை, செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட நல்ல கறவையை, மூன்றாம் நாள் தேடிக் கண்டுபிடித்துப் பட்டிக்கு ஓட்டி வந்திருந்தார்கள். கீழ்த்தாடை நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தொங்கியது. நாக்கின் முன்பாதி இல்லை. அது தொட்டித் தண்ணீரில் வாயை வைக்கும், உறிஞ்ச முடியாமல் தண்ணீர் இரத்தத்தோடு கலந்து வழிந்துவிடும், தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயை வைக்கும். வளர்த்த அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் பூசுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். புண்ணுக்குள் புழு வைத்துவிட்டிருந்தது.

அந்த மாட்டை நான்தான் கொன்றேன். வீட்டுக்காரரிடம் நிலைமையைச் சொல்லி, உரிய சான்றுகளை எழுதி, முதலில் மயக்க மருந்து கொடுத்து, அது நினைவிழந்த பிறகு கழுத்து இரத்தக்குழாயில் அடுத்த மருந்தைச் செலுத்தினேன். இதயத் துடிப்பு நின்றுவிட்டதை ஸ்டெதாஸ்கோப் வைத்து உறுதி செய்யும் வரை மருத்துவர் அந்த இடத்தைவிட்டு எழக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. இப்படி நான் கொன்ற உயிர்கள், நீ வாழ்நாள் முழுவதும் வேட்டைக்குப் போனாலும் சுடக்கூடிய மான்களைவிட நிச்சயமாக அதிகம். ஆகவே கொல்வதே குற்றம் என்ற இடத்திலிருந்து உன்னிடம் பேச எனக்கு வாயில்லை. அவுட்டுக்காய் வைத்தவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், அவனுக்கு அந்த மூன்று நாள் என்னவென்றே தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு வசதியாகத்தான் அந்தக் கருவியே உண்டாக்கப்பட்டிருக்கிறது.

கருவி வைத்துவிட்டுப் போய்விடுகிற எல்லா முறைகளிலும் இதே கதைதான். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் வெடி பொதிந்த காயைக் கடித்த கருவுற்ற யானை, வாய் சிதைந்து, தின்ன முடியாமல், வெள்ளியாற்றுத் தண்ணீருக்குள் இறங்கி நின்றபடியே 2020 மே 27 அன்று உயிர்விட்டது உனக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கென்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியில் 3 பெண் யானைகள் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. உடன் வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. சுருக்குக் கம்பியும் அப்படியே. கம்பி இறுகுகிற நேரத்தில் அதைக் கட்டியவன் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

இதைச் சொல்லும்போது விவசாயிகளை வில்லனாக்கிவிடக் கூடாது. ஒரே இரவில் பன்றிக்கூட்டம் புகுந்து, மறுவாரம் பறிக்க வேண்டிய நிலக்கடலையையோ மக்காச்சோளத்தையோ உழுத காடு போலப் புரட்டிப் போட்டிருப்பதைக் காலையில் பார்க்கிற ஒருவரிடம், பொறுமை வேண்டும் என்று சென்னையிலிருந்து அறிக்கை விடுவது எளிது. இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுவது அவர்தான். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்துக்குள் வரும் காட்டுப்பன்றிகளை வனத் துறையினரே சுடலாம், ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வருவதைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கும் உள்ளே சுடவே கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோது, விலங்குகளை நேசிக்கிற என் தோழியர் சிலர் கொதித்துப்போனார்கள். நான் அதை வரவேற்றேன். பயிற்சி பெற்ற ஒருவர் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடும் தோட்டாவையும், யார் வாய்க்குப் போகும் என்று தெரியாமல் வரப்பில் கிடக்கும் வெடியையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுடுவதற்கு வழியே இல்லாத இடத்தில் அவுட்டுக்காய்தான் பெருகும்.

கொல்லும் நோக்கமே இல்லாமல் செய்யப்படும் கொடுமை ஒன்று இருக்கிறது. அதற்கு எந்தக் கணக்கிலும் இடம் கிடையாது. 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானையை விரட்டுவதற்காக எரிகிற டயரை அதன்மேல் வீசினார்கள். தீ காதோடு ஒட்டிக்கொள்ள அது அலறியபடி ஓடும் காட்சியை நாடே பார்த்தது. அந்த யானையும் பிழைக்கவில்லை. பசியும் பயிர்க்கடனும் அங்கே பேச்சே இல்லை.

உன் அப்பிச்சியான என் அப்பாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆம், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் அவர் நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போவார், நம் சொந்தத்தில் அவரைப் போல் குறி பார்க்கத் தெரிந்தவர் இல்லை என்று மாமாக்கள் இன்றைக்கும் பெருமை பேசுவார்கள். சுட்டால் ஒரே சூட்டில் விழ வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நாய்கள் துரத்திப் பிடித்த முயல்கள் அப்படிச் சாகவில்லை. முயல் வாய்விட்டுக் கத்தாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிடிபடும்போது அது பச்சைக் குழந்தை போலக் கத்தும், நாய் குதறி முடிக்கும் வரை அந்தச் சத்தம் ஓயாது. மாமாக்களின் கதையில் அந்தச் சத்தம் மட்டும் வராது. பரம்பரை வழக்கம் என்பதற்காக அதை நல்லது என்று சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் போய் வனத் துறையிடம் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக நான் பரிந்து பேசுவதும் இல்லை.

இனி உன் நண்பரின் வேட்டைக்கு வருகிறேன். அந்த ஊரில் வேட்டைக்குப் போக விரும்புகிறவர் முதலில் அதற்கென்று ஒரு படிப்பு முடித்துத் தேர்வு எழுத வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும், எந்தப் பகுதியில் எந்தப் பருவத்தில் சுடலாம் என்பதற்கெல்லாம் வரையறை உண்டு என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது அங்குள்ள சட்டத்தின் வேறு இரண்டு கட்டளைகள்: காயம்பட்ட விலங்கைத் தேடிப் பிடித்து முடித்துவைக்க நியாயமான எல்லா முயற்சியும் செய்தாக வேண்டும், தின்னத் தகுந்த இறைச்சியைக் கெட்டுப்போக விடுவது குற்றம். ஓநாய் அற்றுப்போன பண்ணைப் பகுதிகளில் வெள்ளைவால் மான்கள் பெருகிப் பயிரைத் தின்பதும் சாலையில் வண்டிகளில் மோதிக் குற்றுயிராகக் கிடப்பதும் உண்மைதான் என்பதால், அவசியம் இல்லை என்ற வாதமும் அங்கே முழுதாக எடுபடாது.

ஆனால் உடலைப் படித்தவளாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் தோட்டா சரியாகப் பாய்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மானுக்குச் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டாலோ அது ஓடிப்போய்ப் புதரில் படுத்து, குடல் கசிந்து, மணிக்கணக்கில் சாகும். அந்த ஒரு சாண்தான் வேட்டைக்கும் வதைக்கும் நடுவில் இருக்கிற தூரம். கை நடுங்கினாலோ, வெளிச்சம் போதாவிட்டாலோ, மான் ஓடிக்கொண்டிருந்தாலோ, சுடாமல் திரும்பி வருகிற மனம் உனக்கு இருக்க வேண்டும். விமானச் சீட்டு, விடுப்பு, வாடகைத் துப்பாக்கி எல்லாம் வீணாகிறதே என்று ஒரு கணம் தோன்றினாலும் நீ அதற்கு ஆள் இல்லை என்று பொருள். கொம்புக்காகவும் புகைப்படத்துக்காகவும் சுடுகிறவர்களை நான் இதில் சேர்க்கவே இல்லை. 2015இல் சிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தை அமெரிக்கர் ஒருவர் அம்பால் காயப்படுத்தி, பல மணி நேரம் கழித்துத்தான் கொன்றார். அந்தச் சிங்கத்தை யாரும் சமைத்துச் சாப்பிடவில்லை.

மருமகளுக்கும் ஒரு வார்த்தை. மானைச் சுடக் கூடாது என்கிறவள் கடையிலிருந்து கோழி வாங்கி வருகிறாள் என்று நீ குத்திக்காட்டியது முறையல்ல என்றாலும் பொய்யல்ல. காலைக் கட்டி இருசக்கர வண்டியின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் கோழிகளை நம் ஊர்ச் சாலையில் தினமும் பார்க்கலாம். ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978இலேயே விதி வந்துவிட்டது; சந்தையிலிருந்து எல்லை தாண்டிப் போகும் வண்டிகளில் எத்தனை நெருக்கி அடைத்திருக்கும் என்பதும், படுத்துவிட்ட மாட்டை எழுப்பக் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவதும் ஊரறிந்த சங்கதி. ஓர் ஆட்டின் கண்முன் இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதி. அதை அமல்படுத்தப் போய் நான் வாங்கிய வசவுக்கு அளவில்லை. ஒரு மறைப்புச் சுவர் எழுப்புவதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. கறி வாங்கும் நாமும் அவுட்டுக்காய் வைப்பவனைப் போலவே சாவு நடக்கும் இடத்தில் இருப்பதில்லை. நம் குலசாமி கோயிலில் தண்ணீர் தெளித்து, கிடாய் உடம்பைச் சிலிர்க்கும் வரை காத்திருந்து, ஒரே வெட்டில் முடித்துவிட்டு, ஊரே நின்று பார்த்துச் சமைத்துச் சாப்பிடுவதை 2003இல் அரசு தடுத்தது, மறுவருடமே சட்டத்தை விலக்கிக்கொண்டது. தடுக்க வேண்டியது லாரியை என்று அப்போதே நான் சொன்னதற்கு உன் அப்பா சிரித்தார்.

ஆகவே போகாதே என்று நான் சொல்லவில்லை. முதல் வருடம் துப்பாக்கி இல்லாமல் அவரோடு போ. சுட்டது விழுந்த பிறகு தோலுரித்து, குடல் எடுத்து, இறைச்சியைப் பங்கிடும் வரை நின்று பார். மருமகள் வேண்டாம் என்றால் அவள் சமையலறைக்கு அதைக் கொண்டுபோகாதே. புறப்படுவதற்கு முன் உன் நண்பரிடம் ஒன்று மட்டும் கேட்டு எனக்கு எழுது: அவர் சுட்டுக் காயத்தோடு தப்பிய மான் உண்டா, உண்டென்றால் அதைத் தேடி எவ்வளவு தூரம் போனார்? நல்ல வேட்டைக்காரராக இருந்தால் யோசிக்காமலே சொல்லிவிடுவார். எல்லாமே ஒரே சூட்டில் விழுந்தன என்று சொல்வாரேயானால், அவரோடு போக வேண்டாம்.

அன்புடன்,
அம்மா