எந்தப் பாடமாக இருந்தால் என்ன என்று கேட்ட நிறுவனத்துக்கு

அனுப்புநர்: மாணவியின் தாய், பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம், கோயம்புத்தூர் கிளை.

நாள்: 12.3.2025

பொருள்: லண்டனில் ஒரு பருவம் படிக்க அனுப்பப்பட்ட மாணவிக்குக் கையேட்டில் அச்சிட்டிருந்த மூன்று பாடங்களில் இரண்டு கிடைக்காதது, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா,

வணக்கம். இது உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்" என்ற ஒரே பதில் வந்தது. நான் அனுப்பியது கருத்து இல்லை, புகார். ஆகவே இம்முறை பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன்.

என் மகள் கோவையில் முதுகலை வரலாறு படிக்கிறாள். 2024 பிப்ரவரியில் ஊட்டியில் ஓர் ஓட்டலில் நீங்கள் நடத்திய கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் வந்திருந்தோம். விடியற்காலையில் பந்தலூரில் பஸ் ஏறி, கூடலூரில் மாறி, நடுவட்டம் வழியாக வந்து சேர்ந்தோம். பொறியியல், மேலாண்மை, நர்சிங் எல்லாம் பேசி முடித்த பிறகு, எங்களைப் போல் கடைசி வரிசையில் இருந்த நான்கைந்து பேரிடம் உங்கள் கையேட்டைக் கொடுத்தார்கள். அதன் 14ஆம் பக்கத்தை என் மகள் அங்கேயே மூன்று தடவை படித்தாள். "சமூக அறிவியல், கலைப்புல மாணவர்களுக்கு லண்டனில் ஒரு பருவம்" என்று தலைப்பு. அதன் கீழே பேரரசுக் காலத் தொழிலாளர் குடிபெயர்வு வரலாறு, வாய்மொழி வரலாறு, சமூக மானிடவியல் என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 கிரெடிட். பிரிட்டனில் இளங்கலைக்கு ஓராண்டுக்கு 120 கிரெடிட் என்றும், ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் பத்து மணி நேர உழைப்பு என்றும், ஆக இந்த 60 கிரெடிட் என்பது 600 மணி நேரப் படிப்பு என்றும் உங்கள் ஆலோசகரே பலகையில் எழுதிக் காட்டினார்.

அந்த முதல் இரண்டு பாடங்கள் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும்.

என் அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மீதம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஐந்தேகால் லட்சக் கணக்கில் ஒரு தலையாக என் அம்மா 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். அதில் சேர்ந்து 31 ஆண்டு கொழுந்து பறித்தார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டில் வளர்ந்துதான் நான் ஆசிரியை ஆனேன்.

கப்பலேறும்போது கொடுத்த குடும்ப அட்டையை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், பின்பக்கம் ஒட்டிய டேப்பும் பழுப்பேறிவிட்டது. அதிலுள்ள படத்தில் என் தாத்தா கோட்டுப் போட்டிருக்கிறார். அது படம் எடுத்தவருடைய கோட்டு, வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள் என்று அம்மா சொல்வார். அந்தக் கோட்டுக் கதையைக் கேட்டுத்தான் என் மகள் வரலாறு படிக்கப் போனாள். திருச்சிச் சீமையிலிருந்து எங்கள் முன்னோரைத் தோட்டத்துக்கு ஆள் திரட்டி அழைத்துப்போன கங்காணி யார், எவ்வளவு கடன் எழுதினார், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய "துண்டு" இல்லாமல் நகர முடியாது என்ற முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை எப்படி நடந்தது என்றெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மாவுக்கு இப்போது 78 வயது. சில நாள் எல்லாம் நினைவிருக்கிறது. சில நாள் என் பெயரே நினைவில்லை. முறையாகக் கேள்வி கேட்டுப் பதிவு செய்யப் படித்துக்கொண்டு வந்து, பாட்டி பேசுகிற காலத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். பிரிட்டனில் வாய்மொழி வரலாற்றுக்கென்று 1973 முதல் ஒரு சங்கமே இயங்கிவருகிறது. அங்கே இதைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள் என்பதால்தான் லண்டன்.

உங்களுக்கு மொத்தம் ரூ.7,40,000 கட்டினேன். என் வைப்பு நிதியிலிருந்து முன்பணம், மீதிக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன். உங்கள் ரசீதின்படி அதில் பாடக் கட்டணம் ரூ.4,20,000, சேவைக் கட்டணம் ரூ.85,000, "ஆவணக் காப்பக அனுமதியும் வழிகாட்டலும்" ரூ.38,000. மற்றது தங்குமிடம், விமானம், காப்பீடு.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டிக்கெட், தங்குமிடம், காப்பீடு எதிலும் குறை வைக்கவில்லை. பெட்டி 23 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டினார்கள். எந்தக் கம்பளிச் சட்டை வாங்க வேண்டும் என்றுகூடச் சொன்னார்கள். அந்தப் பெண் என்ன படிக்கப் போகிறாள், அந்த வகுப்பு அந்த ஆண்டு நடக்கிறதா என்று மட்டும் ஒருவரும் அங்கே கேட்டுப் பார்க்கவில்லை.

2024 செப்டம்பர் 23ஆம் தேதி வகுப்புகள் தொடங்கின. மறுநாள் இரவு பதினொரு மணிக்கு மகள் அழைத்தாள். "அம்மா, அந்த வகுப்பே இந்த வருடம் இல்லையாம்" என்றாள். குடிபெயர்வு வரலாறு நடத்தும் பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போய்விட்டார். அது கோடையிலேயே பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கையேட்டில் இருந்தது முந்தைய ஆண்டுப் பட்டியல். வாய்மொழி வரலாறு நடந்தது, ஆனால் முந்தைய பருவத்தில் ஆய்வு முறைப் பாடம் ஒன்றை முடித்தவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். அந்த நிபந்தனை அதே பட்டியலில் பாடத்தின் பெயருக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது. அவளுக்கு அதற்குப் பதிலாகக் கிடைத்தது அயல்நாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சியும், "பிரிட்டிஷ் பண்பாடு" என்ற பெயரில் வாரம் ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டுதலும். இரண்டுக்கும் கிரெடிட் கிடையாது. சமூக மானிடவியல் மட்டும் முழுமையாக நடந்தது. அதைப் பற்றி அவளுக்கு நிறைவு. ஆக 60இல் 20.

கையேட்டில் வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை செய்யலாம் என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு நீங்கள் வாங்கித் தந்தது பார்வையாளர் விசா. அதில் சம்பளத்துக்கு வேலை செய்யவே கூடாது. 20 மணி நேரம் என்பது மாணவர் விசாவில் போய்ப் பட்டப் படிப்புப் படிக்கிறவர்களுக்கு உரியது. இதை நம்பி யாராவது ஒரு பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் விசாவே ரத்தாகியிருக்கும். என் மகள் விதியைப் படித்துப் பார்த்ததால் தப்பித்தாள்.

இனி அந்த ரூ.38,000. லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் அந்தக் கட்டணம் வாங்கினீர்கள். நவம்பர் வரை அழைத்துப்போக யாரும் வராததால் அவளே ரயிலேறிப் போனாள். அங்கே வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் யாருக்கும் தருகிறார்கள். பையையும் பேனாவையும் லாக்கரில் வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும். இலங்கை ஆளுநர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் சி.ஓ. 54 என்ற வரிசை எண்ணில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. தடித்த தொகுதி ஒன்றை மெத்தென்ற தாங்கியில் விரித்து வைத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருக்கிறாள். தன் போனிலேயே படமெடுத்துக்கொள்ளலாம், அதற்கும் காசு கிடையாது. சாய்ந்த கையெழுத்தில் இருந்த ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பினாள். எனக்கு அதில் ஒரு வரியும் படிக்க வரவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆங்கில எழுத்தில் "கங்காணி" என்று இருந்தது. அதை என் அம்மாவிடம் காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் மூன்று நாள் போயும் என் மகளுக்கு அதற்கு மேல் நகர முடியவில்லை. எந்த ஆண்டுத் தொகுதியைக் கேட்பது, எந்தக் கடிதத்துக்கு எது பதில், ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பவர் யார், ஆளுநர் சொல்லாமல் விட்டதை எங்கே தேடுவது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆசிரியர் சொல்லித்தந்தால்தான் வரும். அந்தத் தாளைப் பார்ப்பது இலவசம். அதைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்புக்குத்தான் நான் நகையை அடகு வைத்தேன். நீங்கள் இலவசமாகக் கிடைப்பதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கட்டணத்துக்குரியதைத் தராமல் விட்டிருக்கிறீர்கள்.

இதை உங்கள் ஆலோசகரிடம் அக்டோபரிலேயே தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: "கலைப் பாடம்தானே மேடம், எந்தப் பாடமாக இருந்தால் என்ன? சான்றிதழில் லண்டன் என்று வந்துவிடும்." அன்று எனக்கு வாயடைத்துப் போயிற்று. இப்போது பதில் சொல்கிறேன். சிவில் பொறியியலுக்குப் பணம் கட்டிய பையனைத் தாவரவியல் வகுப்பில் உட்காரவைத்து, எல்லாம் அறிவியல்தானே என்று அவன் அப்பாவிடம் சொல்வீர்களா? வரலாறு, சமூகவியல், மானிடவியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி முறை இருக்கிறது, தனிப் பயிற்சி இருக்கிறது. இந்த மலைக்கே அது தெரியும். 1901இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்பவர் இங்கே வந்து, தோடர் குடியிருப்புகளான மந்துகளில் மாதக்கணக்கில் தலைமுறை தலைமுறையாக உறவு முறைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மானிடவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம்மைப் பற்றி அவர்கள் அப்படிப் படித்தார்கள் என்றால், நம் வீட்டுப் பெண் தன்னைப் பற்றித் தானே படிக்கப் போகும்போது அதை "எதுவானால் என்ன" என்று நீங்கள் சொல்லக்கூடாது. அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்த பிறகு அடுத்த அடி. கிரெடிட் இங்கே மாற்றித்தரப்படும் என்று கையேட்டில் இருக்கிறது. போவதற்கு முன்பே பாடத்திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், அப்படி எதுவும் எங்களுக்கு வரவில்லை என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒப்புதலை நீங்கள் வாங்குவதாகத்தான் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. உருப்படியாக நடந்த அந்த 20 கிரெடிட்டும் இப்போது அந்தரத்தில் நிற்கிறது. மூன்றாம் பருவத்தை அவள் மறுபடி படிக்க வேண்டும்.

தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலிதான், போடுவார்கள் என்று அம்மா சொல்வார். மழை என்றாலும் காய்ச்சல் என்றாலும் தராசு காட்டுவதுதான் கணக்கு. நான் உங்களிடம் அதே கணக்கைத்தான் கேட்கிறேன். நடக்காத இரண்டு பாடங்களுக்கு, பாடக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ரூ.2,80,000. காப்பகக் கட்டணம் முழுவதும், ரூ.38,000. விசா, தங்குமிட வேலைகளைச் செய்தீர்கள். ஆகவே சேவைக் கட்டணத்தில் பாதியை வைத்துக்கொண்டு மீதி ரூ.42,500 தாருங்கள். மொத்தம் ரூ.3,60,500. இதோடு, நடந்த மானிடவியல் பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் சான்றையும் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கிக் கல்லூரிக்கு நீங்களே அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது கோரிக்கைக்குப் பணம் தேவையில்லை, ஒரு கடிதம் எழுதினால் போதும். அதைக்கூட மூன்று மாதமாகச் செய்யவில்லை.

இக்கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நுகர்வோர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. நான் கோவைக்கு வர வேண்டியதில்லை, நீங்கள்தான் மலையேற வேண்டியிருக்கும். கையேட்டின் 14ஆம் பக்கம், ரசீதுகள், பல்கலைக்கழகப் பாடப் பட்டியலின் நகல், கல்லூரியின் கடிதம் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, கூடலூர்ப் பெண், உங்கள் புதிய கையேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 2025 செப்டம்பருக்கு ஆள் சேர்க்கிறீர்கள். 14ஆம் பக்கத்தில் அதே மூன்று பாடங்கள், அதே 20 மணி நேர வேலை, ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கின்றன. அவள் முன்பணம் கட்டும் நாள் மார்ச் 31. அதற்குள், அந்தப் பாடங்கள் இந்த ஆண்டு நடக்கின்றனவா, அவளுக்கு அதில் இடம் உண்டா என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டு, வந்த பதிலை அப்படியே அவளுக்குக் கொடுங்கள். அதன் நகல் எனக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.