‘எனக் கூறப்படுகிறது’: கூறுவது யார்?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

நான் மதுரையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் சுழித்தே பழகிய கை, இப்போது வேலையில்லாமல் உங்கள் செய்திகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அதில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு வேண்டிய தலைவர் பேசினால் ‘வலியுறுத்தினார்’. அதே நாளில் அதே விஷயத்தை வேண்டாதவர் பேசினால் ‘புலம்பினார்’. ரிமோட்டை அழுத்தி அடுத்த சேனலுக்குப் போனால் புலம்பியவர் வலியுறுத்துகிறார், வலியுறுத்தியவர் உளறுகிறார். மைதானம் ஒன்று, கூட்டம் ஒன்று. ஒரு கேமராவில் மக்கள் வெள்ளம், இன்னொரு கேமராவில் காலி நாற்காலி. இரண்டு படமும் உண்மைதான். வித்தையே அதில்தான் இருக்கிறது. பொய் எழுதினால் வழக்குப் போடலாம். வினைமுற்றின் மேல் யார் வழக்குப் போடுவது?

விகுதியைப் பாருங்கள். பீரோவை உடைத்ததாகப் பிடிபட்ட கூலித் தொழிலாளி, தீர்ப்பு வருமுன்பே ‘திருடினான்’ ஆகிவிடுகிறார். கோடிக்கணக்கில் ஊழல் வழக்கு இருக்கும் பெரிய மனிதர் ‘விசாரணைக்கு ஆஜரானார்’. ஆர் விகுதி காசு பார்த்து வரும் என்று நான் எந்த இலக்கணத்திலும் படித்ததில்லை, பாடம் நடத்தியதும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் இந்த ‘எனக் கூறப்படுகிறது’. கூறியவர் யார்? கட்சி அலுவலகமா, காவல் நிலையமா, உங்கள் முதலாளியா? செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சொல்லாமல் விடலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதை இப்படிப் பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை.

உங்களிடம் நடுநிலையை நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் இதழியல் சார்போடுதான் வளர்ந்தது. ‘குடி அரசு’, ‘விடுதலை’, ‘ஜனசக்தி’, ‘முரசொலி’, ‘தீக்கதிர்’: எதைக் கையில் எடுத்தாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துதான் படித்தோம். முகப்பிலேயே கொடி தெரிந்தது. பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று தெரிந்தே வாங்கினார்கள். அந்தக் கட்சிப் பத்திரிகைகளை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். 2003 நவம்பரில் சட்டமன்றம் ‘தி இந்து’வைச் சேர்ந்த ஐந்து பேருக்கு 15 நாள் சிறை என்றபோது, முரசொலி ஆசிரியருக்கும் அதே தண்டனைதான். அவர் செய்த குற்றம், ‘தி இந்து’வின் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்துத்தான் அது நின்றது. அதற்கு முன் 1987இல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் சிறைக்கே போய் வந்தார். பிறகு வழக்காடி, ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார். இன்று நீங்கள் ‘பத்திரிகைச் சுதந்திரம்’ என்று சொல்லும்போது, இவர்கள் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள்.

அந்த வீட்டில் பங்காளிச் சண்டையும் நடந்திருக்கிறது. 2007 மே 9, எங்கள் ஊர். கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்று, அவருடைய உறவினர்களான மாறன் சகோதரர்களின் ‘தினகரன்’ ஒரு கருத்துக்கணிப்பு போட்டது. பிடிக்காதவர்கள் மதுரை அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டு கணினிப் பொறியாளர்கள், ஒரு காவலாளி, மூன்று பேர் செத்தார்கள். கணிப்பு எடுத்தவர்களும் இல்லை, அதில் பெயர் வந்தவர்களும் இல்லை. கொளுத்தியவர்களின் குற்றத்தை ஒரு மாற்றுக்கூட நான் குறைக்கவில்லை. ஆனால் நாட்டில் வேறு கேள்வியே இல்லாததுபோல் அந்த வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டது வாசகருக்காகவா என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். நான்கே மாதத்தில் புதிதாக ‘கலைஞர் டிவி’ வந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது. கீழ் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்த அந்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுக்க 2019 ஆனது.

அரசியல் கட்சிகள் ஒளிபரப்புத் தொழிலுக்குள் வரக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இலேயே பரிந்துரைத்தது. அது ஏன் அலமாரியில் கிடக்கிறது என்று உங்களில் எவரும் ஒரு விவாத நிகழ்ச்சி வைத்து நான் பார்த்ததில்லை. சரி, கட்சிக்காரர்கள் நடத்தட்டும். யாருடையது என்று திரையில் எழுதிவிடுங்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து வினாடி போதும், நகைக்கடை விளம்பரத்துக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறீர்கள்.

விவாதத்தில் உட்காரும் நாலு பேரில் ‘அரசியல் விமர்சகர்’ என்று போடுகிறீர்களே, அவரைப் போன தேர்தலில் எங்கள் தெருவில் கட்சித் துண்டோடு ஓட்டுக் கேட்கப் பார்த்தேன். துண்டு குற்றமில்லை. ஸ்டுடியோவுக்கு வரும்போது அதைக் கழற்றச் சொன்னது யார்?

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரைப் பற்றி அரைப்பக்கம் புகழ்ந்துவிட்டு, மூலையில் ‘விளம்பரம்’ என்று எறும்பு எழுத்தில் போடுவதும் எனக்குத் தெரியும், பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். அந்தச் சொல்கூட இல்லாமல் காசுக்குச் செய்தி போட்டதைப் பற்றி 2009 தேர்தலுக்குப் பிறகு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு முழக்கிய தப்புச் செய்திக்கு மறுநாள் அதிகாலை ஐந்தரைக்கு, ராசிபலனுக்கு முன்னால், வருத்தம் தெரிவிக்காதீர்கள். தப்பு எந்த நேரத்தில் போனதோ அந்த நேரத்திலேயே திருத்தமும் போகட்டும். நான் ஒன்பது மணிக்கு டிவி முன்னால்தான் இருப்பேன், சிவப்புப் பேனாவோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மதுரை.